பரண்மேல் பாக்குவெட்டி

ஜூன் 9

அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிவிட்டேன். காய் நறுக்கும் கத்திகளையும் பழைய வேட்டித் துண்டில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். துரு ஏறுகிறது, பிள்ளை இருக்கும் வீட்டில் துரு ஆகாது என்று அம்மாவிடம் சொன்னேன். கடையிலிருந்து ஒரு தோல்சீவி வாங்கி வந்திருக்கிறேன். வெண்டைக்காயை அதில் எப்படிச் சீவுவது என்று அம்மா கேட்டாள். கொஞ்ச நாள் வெண்டைக்காய் வாங்க வேண்டாம் என்றேன்.

மாடியில் துணி காயப்போடுவதையும் அப்பாவிடம் தள்ளிவிட்டேன். எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

செண்பகம் அக்கா பிரசவத்துக்கு வந்தவள். ஆவணியில்தான் ஓசூருக்கு, அத்தானிடம் திரும்புகிறாள். பாப்பாவுக்கு இரண்டு மாதம் நிரம்பப் போகிறது. இன்று குளிக்கப் போகும்போது, கொஞ்ச நேரம் வைத்திரு என்று பாப்பாவை என்னிடம் நீட்டினாள். எனக்கு ஜலதோஷம் என்றேன்.

“பிள்ள பொறந்தப்ப பிடிச்ச ஜலதோஷம் இன்னுமாட்டி விடல?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். குளியலறைக் கதவைச் சாத்தும்போது சிரிப்பு இல்லை.

இந்த நாட்குறிப்பை வீட்டில் வைப்பதில்லை. இரவில் தனித்தாளில் எழுதி, மறுநாள் கொண்டுபோய் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில், பழைய அரசிதழ்களின் பின்னால் சேர்த்துவிடுகிறேன். அந்த அடுக்கைத் தொடுகிற ஒரே ஆள் நான்தான்.

ஜூன் 11

வீட்டில் பாக்குவெட்டியைத் தேடுகிறார்கள். பச்சைப்பிள்ளையின் தலைமாட்டில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்று அம்மா அதைப் பாயின் அடியில் செருகி வைத்திருந்தாள். கூரான ஒரு பொருளைப் பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் வைப்பது என்ன பாதுகாப்போ. அதுவும் இப்போது பரணில் இருக்கிறது.

சந்தேகம் பாப்பாவைக் குளிப்பாட்ட வரும் பேச்சியம்மாள்மீது திரும்பியதும் நான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. எலி இழுத்திருக்கும் என்றேன். பாக்குவெட்டியை இழுக்கிற எலியை நான் பார்க்க வேண்டும் என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். சாப்பிடும்போதும் பார்த்தாள். கடைசியில், உனக்கு உடம்பு சரியில்லை ஆவுடை, டாக்டரிடம் போவோம் என்றாள்.

உடம்பு என்றுதான் சொன்னாள். அம்மா அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ஜூன் 14

முதலில் குடும்ப டாக்டர். எனக்கு அம்மை வந்ததிலிருந்து இவரைத் தெரியும். அதுதான் சிக்கல். இவரும் அப்பாவும் காலையில் ஒன்றாக நடக்கிறவர்கள். இவரிடம் சொல்வது மறுநாள் மைதானத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடும். பசியில்லை, தூக்கமில்லை என்று மட்டும் சொன்னேன். கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்றார். சத்து டானிக் கொடுத்தார். பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார்.

நூலகத்தில் மனநோய் பற்றி மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. வேறு அட்டை போட்டு மேசையில் வைத்துப் படித்தேன். ஒன்றில், இப்படிப்பட்டவர்களைக் குழந்தையிடமிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும் என்று ஒரு வரி. எப்படிப்பட்டவர்களை என்று விளக்குகிற பக்கம் அதற்கு அடுத்தது. அதற்கு மேல் படிக்கவில்லை.

ஜூன் 21

ஊரில் பெயர் பெற்ற மனநல மருத்துவர். டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். உள்ளே போகும்முன் ஒன்று முடிவு செய்தேன். இனிப் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு பொய் சொல்வேன், ஆளுக்கு ஒரு பொய். கண்டுபிடிக்கிறவரிடம்தான் உண்மை. இன்னொரு பயனும் உண்டு. சொன்ன பொய் வீட்டுக்குத் திரும்பி வந்தால், எந்த வாய் வழியாக வந்தது என்று தெரிந்துவிடும். வாய்க்காலில் சாயம் கலந்துவிட்டு எந்த வயலில் நிறம் மாறுகிறது என்று பார்ப்பதுபோல.

ஆனால் அறைக்குள் எனக்குப் பேச இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அம்மாவும் கூடவே வந்து நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கேள்வி எனக்கு, பதில் அம்மாவுடையது. பிறந்ததிலிருந்தே இவள் அதிகம் பேசமாட்டாள், புத்தகம் புத்தகமாகப் படிப்பாள், அக்கா பிள்ளையைத் தொடுவதில்லை. டாக்டர் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டி எழுதிக்கொண்டே இருந்தார். இடையில் என்னிடம், வேறு ஏதாவது உண்டா என்றார். இடது காதில் யாரோ குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்கிறது என்றேன். அதையும் எழுதினார். எப்போது, எவ்வளவு நேரம் என்று ஒரு கேள்விகூட இல்லை. பேனா நிற்கவேயில்லை.

மாத்திரையின் பெயரை நூலகத்தில் தேடினேன். இல்லாத குரல் கேட்பவர்களுக்குக் கொடுப்பது. என் பொய்க்கு வைத்தியம் நடக்கிறது.

ஜூன் 25

மாத்திரைகளைச் செம்பருத்தித் தொட்டியில் புதைக்கிறேன். செடிக்குக் குரல் கேட்பதாக இருந்தால் நின்றிருக்கும்.

ஜூலை 1

அத்தானுக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு மனவள ஆலோசகர். செல்போன் கடைக்கு மேலே மாடி. சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன், ஒன்று தோட்டக்கலைக்கு. அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். அங்கே ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

பிறகு என் நட்சத்திரத்தைக் கேட்டார். ஒரு மரம் வரையச் சொன்னார். வரைந்தேன். வேர் இல்லையே என்றார். வேர் மண்ணுக்குள் இருக்கிறது என்றேன். அக்காவுக்கு வீடு வாசல் பிள்ளை என்று ஆகிவிட்டது, உங்களுக்கு ஆகவில்லை, அதை மனம் ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளையைப் பார்த்தால் எரிகிறது, இல்லையா என்றார். குரல் மிகவும் கனிவாக இருந்தது. இங்கே சொல்வது இந்த நான்கு சுவரைத் தாண்டாது என்றும் சொன்னார். கனவில் மூன்று கால் பசு ஒன்று வந்து வாசலில் நிற்கிறது என்றேன். அது தடைப்பட்ட கல்யாணம் என்று உடனே சொல்லிவிட்டார்.

மாலையில் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். “அந்தப் பசு வெள்ளையா, காரியாட்டி?” என்றாள்.

ஜூலை 3

இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைக்கலாம் என்கிறாள் அம்மா. எங்கள் தெருமுனைக் கோயிலில் அம்மன் ஒரு கையில் கத்தியும் மறு கையில் பிள்ளையுமாக நிற்கிறாள். இரண்டு மாதமாக அந்தப் பக்கம் போகாமல் மார்க்கெட் வழியாகச் சுற்றித்தான் வேலைக்குப் போகிறேன். இத்தனை கோயில் இருக்க, ஏன் அவளிடம் என்று கேட்டேன். ஊரே பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டுவது அவளிடம்தானே, பிள்ளை சம்பந்தப்பட்டது எல்லாம் அவள் பொறுப்பு என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சாதாரணமாகச் சொல்ல முயன்றாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு எதையும் ஒரு முறை மட்டும் கேட்க முடிவதில்லை.

ஜூலை 6

அக்கா இன்று கேட்டுவிட்டாள்.

மத்தியானம், அம்மா அப்பா இருவரும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். பாப்பா கூடத்தில் பாயில் கிடந்தாள். அழத் தொடங்கினாள். அக்கா அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன். எழுந்து வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். அக்கா ஓடிவந்து தூக்கிக்கொண்டு, கதவுக்கு உள்ளே நின்றபடி பேசினாள்.

“இவ ஒன்ன என்னட்டி செஞ்சா?”

ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

“சேனை நீதான் வெக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னேனே. நர்ஸம்மா ஏசினாவ. அம்மா, அத்தான் வீட்டு ஆளு வெக்கட்டும்னா. இல்ல, எந் தங்கச்சி கொணம்தான் எம் பிள்ளைக்கு வரணும்னு சொன்னேன். அது தப்பாட்டி?”

உண்மைதான். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் திரும்பிய நேரம் பார்த்து, என் சுண்டுவிரலை அக்காவே பிடித்துப் பாப்பாவின் வாயில் வைத்தாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அன்று வீடு திரும்பும் பஸ்ஸில்தான் அந்த நினைப்பு முதல் முறை வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அக்கா பாப்பாவைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஆவணி வரை இருக்கப் போவதில்லை, ஆடி பிறக்கும் முன் அத்தானை வண்டி கொண்டுவரச் சொல்லிவிட்டேன் என்றாள். பிறகு, ஒரு தடவை தொடாத சித்தி என்று இவளுக்கு நான் எப்படிச் சொல்லி வளர்ப்பது என்று கேட்டாள். பாலும் பொங்கிவிட்டது.

ஜூலை 7

அம்மா பெட்டியை இறக்கித் துடைக்கிறாள். பரணில் மேற்கொண்டு எதையும் தேடாமல் இறங்கிவிட்டாள்.

ஜூலை 10

பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். வீட்டில் வேலைக்குப் போவதாகச் சொன்னேன். எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே போவதில்லை, யாரும் என் வீட்டு எண்ணைக் கேட்கமாட்டார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இல்லை.

மனநலப் பிரிவில் பெஞ்சு நிறைய ஆட்கள். டாக்டர் பியூலா என்று பலகை. கதவு திறந்தபோது உள்ளே ஓர் அம்மாவும் வளர்ந்த மகனும் தெரிந்தார்கள். “நீங்க செத்த வெளிய இருங்கம்மா. அவருக்கு வாய் இருக்குல்லா” என்று டாக்டர் சொல்வது கேட்டது. அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என் முறை வந்தது. டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு காலில் கட்டு, அதை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார். நடக்கும்போது தரை வலப்பக்கம் சாய்கிறது என்று சொன்னேன். இந்த முறைக்கு அந்தப் பொய்.

அவர் கண்டுபிடிக்கவில்லை. முழுக்க நம்பினார். எப்போதிருந்து, படுத்தாலும் சாய்கிறதா, விழுந்ததுண்டா என்று கேட்டார். தரையின் டைல்ஸ் கோட்டில் குதிகால் விரலைத் தொடும்படி நடக்கச் சொன்னார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். இல்லாத ஒரு நோய்க்காகக் கைகளை நீட்டிக்கொண்டு நான் அங்கே நின்றேன். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். முகம் சுட்டது. காதுப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதினார். இவரும் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சீட்டைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே மற்றக் கேள்விகளைக் கேட்டார். தூக்கம் எப்படி. பசி எப்படி. சாக வேண்டும் என்று தோன்றுவதுண்டா. யாரும் இல்லாதபோது குரல் கேட்குமா. இருமலில் சளி வருமா என்று கேட்கும் அதே தொனியில் அடுத்ததையும் கேட்டார்.

“வேண்டாம் வேண்டாம்னு தள்ளினாலும் திரும்பத் திரும்ப ஏதும் நெனப்பு வருமா? அசிங்கமாவோ, பயமாவோ? சாமிய ஏசிருவமோ, யாரையும் வெட்டிருவமோ, கைப்பிள்ளையக் கீழ போட்டுருவமோ, இப்படி?”

எனக்குக் காது அடைத்தது. யார் சொன்னார்கள் உங்களுக்கு என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாரிடமும் கேட்பதுதான் என்றார். இல்லை, எனக்கு அப்படி எதுவும் இல்லை என்று சொல்லி, சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

எல்லாரிடமும் கேட்பது என்று யாரும் சொல்லலாம். அம்மா இங்கே வந்திருப்பாளா, அந்த ஆலோசகர் பேசியிருப்பாரா, நூலகத்தில் யாராவது அரசிதழ்களைத் தொட்டிருப்பார்களா. வீட்டுக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குப் பிறகு உள்ளே போன தாத்தாவுக்குக் காது மந்தம். டாக்டர் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. சாத்திய கதவைத் தாண்டி வந்தது. தூக்கம், பசி, சாவு, குரல். அதே வரிசை. பிறகு அதுவும் வந்தது.

“யாரையும் வெட்டிருவமோன்னு நெனப்பு வருமா தாத்தா?”

“வருமே. எஞ் சம்மந்திய.”

“அது நெனப்பு இல்ல தாத்தா, ஆச. நான் கேக்கது வேற.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன்போல. கன்னத்தைத் தொட்டால் ஈரமாக இருந்தது.

தாத்தா வெளியே வந்ததும், வரிசையில் நின்றவர்களிடம் ஒரு நிமிடம் என்று சொல்லி உள்ளே போனேன். தரை சாயவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. காதுப் பிரிவுச் சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, உட்காருங்க என்றார்.

சொன்னேன். பாப்பாவைத் தூக்கினால் மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிடுவேன் என்பது. கத்தி கையில் இருக்கும்போது பாப்பா பக்கத்தில் இருந்தால் என்பது. அந்த இரண்டாவது வாக்கியத்தை அவரிடம் முழுக்கச் சொல்லி முடித்தேன். இங்கே எழுதக் கை வரவில்லை.

“செய்யணும்னு ஆசையா இருக்கா, செஞ்சிருவமோன்னு பயமா இருக்கா?”

பயம் என்றேன். வந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பரண், தோல்சீவி, மாடி, ஜலதோஷம், மார்க்கெட் வழி எல்லாவற்றையும் சொன்னேன். சிலவற்றை இரண்டு முறை கேட்டார். இன்னும் நிறையக் கேட்டார், அவசரம் இல்லாமல்.

“மூணு மாசமா அந்தப் பிள்ளைக்கு நீங்க காவல் நிக்கீங்க” என்றார். “நிக்க நிக்க பயம் பெருசாகும். இதுக்கு ஒரு பேரு இருக்கு, மருந்தும் இருக்கு. மருந்து கேக்க வாரக்கணக்குல ஆகும். செவ்வாக்கெழம இங்க ஒரு மேடம் வருவாங்க, ஓடாம நிக்க அவங்க பழக்கிக் குடுப்பாங்க.”

என் வீட்டில் சொல்வீர்களா என்று கேட்டேன்.

“உங்க வீடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா. நீங்க சொன்னாத்தான் உண்டு. ஆனா அக்காட்ட சொல்லலாம்னு எனக்குத் தோணுது.”

மாத்திரையின் பெயரை நூலகத்தில் தேடினேன். இந்த முறை என் நோய்க்கானதுதான்.

ஜூலை 11

தரை சாய்வதைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 12

இன்றும் கேட்கவில்லை.

செம்பருத்திக்கு எதுவும் போடவில்லை. நானே விழுங்கினேன்.

மாலையில் அக்காவிடம் சொன்னேன். பாப்பா அவள் மடியில் இருந்தாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். எந்த இடத்தில் கை இறுகும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இறுகியது. பாப்பாவை என் பக்கத்திலிருந்து மறுதொடைக்கு மாற்றினாள். தெரியாமல் செய்தாள். செய்துவிட்டோம் என்று தெரிந்ததும் அப்படியே அசையாமல் இருந்தாள்.

பிறகு, “அதுக்குத்தானாட்டி அரிவாமணய மேல ஏத்துன?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“பாக்குவெட்டியும்?”

ஆமாம்.

“எலின்னு சொன்னியே பாவி.” சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பயமாக இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன், அந்த டாக்டரை நானும் பார்க்க வேண்டும் என்றாள். சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்துபோல.

ஜூலை 13

அக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாப்பா அம்மாவிடம். என்னைக் கேட்டுவிட்டுத்தான் டாக்டர் அக்காவை உள்ளே விட்டார். அக்கா உட்காரக்கூட இல்லை.

“எம் பிள்ளைய இவ கைல குடுக்கலாமா?”

“குடுக்கலாம். நீங்க பக்கத்துல நின்னுக்கிடுங்க, உங்க பயத்துக்கு. இவங்க பயத்துக்கு நான் மருந்து குடுத்திருக்கேன்.”

திரும்பும் வழியில் ஆட்டோ இசக்கியம்மன் கோயில் வழியாகத்தான் வந்தது. மார்க்கெட் வழியாகப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தலை குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் இன்றைக்கு முடிந்தது.

ஜூலை 15

அக்கா ஊருக்குப் போனாள்.

காலையில் அத்தான் வண்டியை வாசலில் நிறுத்திச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடிவதற்குள் படி இறங்க வேண்டும். கடைசி நிமிடத்தில் அம்மா, பிள்ளையின் துணியில் செருக இரும்பு வேண்டும், பச்சைப்பிள்ளையைச் சும்மா பயணம் அனுப்பக் கூடாது என்று ஆரம்பித்தாள். ஆணி, பழைய பூட்டு என்று அப்பா எதை எதையோ எடுத்து நீட்டினார். அதெல்லாம் ஆகாது, இவள் பிறந்ததிலிருந்து தலைமாட்டில் இருந்தது பாக்குவெட்டி, அதுதான் வேண்டும் என்றாள். சொல்லும்போது அம்மா யாரையும் பார்க்கவில்லை. அன்று பெட்டியை இறக்கியபோதே பரணில் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, இத்தனை நாள் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

ஏறி எடுத்துவந்தேன். உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது. அம்மாவிடம் நீட்டினேன். அவள் கை நிறையக் குங்குமம்.

அந்த நேரம் அக்கா வாசற்படியில் நின்று, “இவளப் பிடிட்டி, செருப்பு மாட்டணும்” என்றாள்.

இடக்கையில் பாப்பா வந்துவிட்டாள். பால் வாசனை. நினைத்திருந்ததைவிடக் கனம். வலக்கையில் பாக்குவெட்டி. துணியின் மடிப்புக்குள்ளே செருகு, முனை வெளியே பார்க்க வேண்டும் என்று அம்மா பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அது வந்தது. முழு வாக்கியமாக, நான் இங்கே எழுதாத அந்த வாக்கியமாக வந்தது. போகவில்லை. பாப்பா என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். நின்றேன். தெருமுனை அம்மன் நினைவுக்கு வந்தாள். எத்தனை வருஷமாக இரண்டையும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மடிப்பைப் பிரித்து, பாக்குவெட்டியைச் செருகினேன். துணியை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அக்கா குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. கண் என் கைகளில். அவள் முகம் வெளுத்திருந்தது. ஒரு வார் மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டினாள். அத்தான் ஹாரன் அடித்தார்.

அக்கா அவசரப்படவில்லை.

ஜூலை 23

செவ்வாய். நூலகத்துக்கு அரைநாள் விடுப்பு. மேடத்தின் முதல் வீட்டுப்பாடம், அரிவாள்மனையை இறக்குவது. இறக்கி, கழுவி, அடுக்களையில் வைத்தேன். இறக்கும்போது அது வந்தது, வெண்டைக்காய் நறுக்கி முடிக்கும்போதும் கொஞ்சம் இருந்தது.

அம்மா மாலையில், இன்று எங்கே போனாய் என்று கேட்டாள். சொன்னேன்.